வாசகர் கேள்வி பதில்: அவுட்டாகச் சொன்ன பி.டி. சாரும் 1944 உலகத் தொடரும்

போன இதழில் பேஸ்பாலின் பண்ட் பற்றி வந்த ஒரு கேள்விக்கு நாலே வரியில் பதில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கமிருந்து இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மிகவும் சந்தோஷம். இந்தத் தடவை பக்கம் முழுக்க அதுதான்.

கல்லூரி மாணவி, கும்பகோணம்: அண்ணா, நான் காலேஜ் சாஃப்ட்பால் டீமில் ஆடுகிறேன். முதல் பேஸில் நம்ம ஆள் நின்றால் போதும், பி.டி. சார் எனக்கு பண்ட் சிக்னல் கொடுத்துவிடுவார். நான் அவுட், பின்னால் வருகிறவள் அடித்துக் கைதட்டல் வாங்குகிறாள். கேட்டால், "உலக யுத்தக் காலத்தில் அமெரிக்காவில் பெரிய டீம்களே இப்படி ஆடித்தான் ஜெயித்தன" என்கிறார். இது உண்மையா, இல்லை என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாரா?

சார் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை, தங்கச்சி. விஷயம் தெரியாத வாசகர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். பண்ட் செய்கிறவர் மட்டையைச் சுழற்றுவதில்லை, குறுக்கே நீட்டிப் பிடித்துப் பந்தை அதில் படவிட்டு அப்படியே கீழே இறக்குகிறார், பந்து கொஞ்ச தூரம் உருண்டு நிற்கிறது. அறுவடை முடிந்த வயலில் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் டொக்கு வைத்துவிட்டு ஓடுவார்களே, பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். ஆனால் இங்கே டொக்கு வைத்தவர் தப்பிப்பது நோக்கம் இல்லை, ஏற்கெனவே பேஸில் (ரன் எடுக்க வரிசையாக ஓடித் தொட வேண்டிய இடங்கள்தான் பேஸ்) நிற்கிறவர் ஒரு பேஸ் முன்னேற வேண்டும், அவ்வளவுதான். பந்து வீசுகிற பிட்சரோ, மட்டைக்காரருக்குப் பின்னால் நிற்கிற கேட்சரோ ஓடிவந்து பந்தைப் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிவதற்குள் அவர் இரண்டாம் பேஸுக்குப் போய்விடுவார், நீங்கள் அவுட். பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸுக்கும் சேர்த்து ஒரு டீமுக்கு 27 அவுட், உங்கள் சாஃப்ட்பாலில் ஏழு இன்னிங்ஸுக்கு 21. அதில் ஒன்றைத் தெரிந்தே கொடுப்பது சின்ன விஷயம் இல்லை.

யுத்தத்துக்காகப் புதிதாக வந்த உத்தியும் இல்லை இது. 1920-க்கு முன்னால் பந்து மந்தமாக இருந்த நாட்களில் பண்ட்தான் பெரிய ஆயுதம். பேப் ரூத் வந்து பந்தை வேலிக்கு வெளியே அனுப்ப ஆரம்பித்ததும் அதற்கு மவுசு குறைந்தது. 1942 முதல் 1945 வரை ஓங்கி அடிப்பவர்கள் எல்லாம் பட்டாளத்துக்குப் போனபிறகு ஒவ்வொரு ரன்னுக்கும் மதிப்பு ஏறியது, கூடவே பண்டுக்கும்.

சரி, உங்கள் மனக்குறைக்கு வருகிறேன். ரன்னரை முன்னேற்றிவிட்டு நீங்கள் அவுட்டானால் ஸ்கோர் புத்தகத்தில் அது சாக்ரிஃபைஸ் என்று ஏறும், நீங்கள் ஆடிய முறைகளின் கணக்கில் சேராது, அதனால் உங்கள் சராசரி குறையவே குறையாது. இதை சார் முதல் நாளே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்றும் அவர் யோசிக்கலாம். எப்போதும் பண்ட், எப்போதும் நீங்களே என்றால் எதிர் டீமின் மூன்றாம் பேஸ்காரி முன்கூட்டியே நெருங்கி வந்து நின்றுகொள்வாள். இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள், நான் எழுதியதாகவே சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், நாகப்பட்டினம்: உலகமே குண்டுக்குப் பயந்து கிடந்தபோது அமெரிக்கர்கள் பந்து விளையாடிக்கொண்டா இருந்தார்கள்? ஆட்டத்தை நிறுத்தவில்லையா?

நிறுத்தவில்லை ஐயா. நிறுத்தலாமா என்று கேட்டார்கள். பேஸ்பால் கமிஷனராக இருந்த கெனஸா மவுன்டன் லாண்டிஸ் 1942 ஜனவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்டுக்குக் கடிதம் எழுதினார். ஜனவரி 15 தேதியிட்டு பதில் வந்தது: ஜனங்கள் முன்னைவிட அதிக நேரம், அதிகக் கடுமையாக உழைக்கப்போகிறார்கள், அவர்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டும், ஆட்டம் தொடரட்டும், ஆனால் வயதும் உடம்பும் சரியாக உள்ள ஆட்டக்காரர்கள் ராணுவத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும். இரவு ஆட்டங்கள் அதிகமானால் பகலில் வேலை செய்பவர்களும் பார்க்கலாமே என்றும் அதில் எழுதியிருந்தார்.

அப்படியே நடந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட மேஜர் லீக் (அமெரிக்காவின் உச்ச நிலைத் தொழில்முறைப் போட்டி) ஆட்டக்காரர்கள் சீருடை போட்டார்கள். டெட் வில்லியம்ஸ், ஜோ டிமாஜியோ, ஹேங்க் கிரீன்பெர்க், பந்துவீச்சில் அன்று அசுரன் என்று பெயர் எடுத்த பாப் ஃபெல்லர் எல்லாரும் போனார்கள். மிஞ்சியவர்கள் வயதானவர்கள், உடல் தகுதியில்லை என்று ராணுவம் திருப்பி அனுப்பியவர்கள், மீசை முளைக்காத பையன்கள். 1944 ஜூனில் சின்சினாட்டி ரெட்ஸுக்காகப் பந்து வீச இறங்கிய ஜோ நக்ஸாலுக்கு வயது 15!

நீங்கள் நாகப்பட்டினத்துக்காரர் என்பதால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பேஸ்பாலின் நடுவில் கார்க்கும் ரப்பரும் இருக்கும், பந்து துள்ளிப் பறப்பதே அதனால்தான். அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது? உலகத்துக்கு வேண்டிய ரப்பரில் பெரும் பங்கு மலாயாவிலும் டச்சு இந்தியத் தீவுகளிலும் விளைந்தது. மலாயாத் தோட்டங்களில் விடியற்காலையில் மரம் சீவிப் பால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள், உங்கள் ஊர்த் துறையிலிருந்து கப்பலேறிப் பினாங்குக்குப் போன தஞ்சாவூர் ஜில்லாக் குடும்பங்கள் அதில் எத்தனையோ. 1941 டிசம்பரில் ஜப்பான் மலாயாவில் இறங்கியது, 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும் விழுந்தது, ரப்பர் வரத்து நின்றுபோனது. தோட்டத்துத் தமிழர்களில் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதை போட இழுத்துப்போனதும், அதில் ஏராளமானோர் வீடு திரும்பாததும் உங்கள் தலைமுறைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த ரப்பர் பஞ்சத்தின் ஒரு சின்ன விளைவுதான் 1943-இன் பந்து. ரப்பருக்குப் பதில் பலாட்டா என்ற மரப்பிசினை வைத்துப் பந்து செய்தார்கள், அந்தக் காலத்தில் கோல்ஃப் பந்தின் மேல் ஓட்டுக்குப் போட்டார்களே, அதே சரக்கு. சீசன் ஏப்ரலில் தொடங்கியது, எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பந்து போகவில்லை, பல ஆட்டங்களில் ஏதோ ஒரு டீம் ரன்னே எடுக்காமல் தோற்றது. கொஞ்ச நாளிலேயே கூச்சல் கிளம்பி, மிச்சமிருந்த 1942 பந்துகளை எடுத்துச் சமாளித்து, மே மாதத்தில் கொஞ்சம் துள்ளுகிற பந்தைக் கொண்டுவந்தார்கள். அடிப்பவர்களும் இல்லை, பந்தும் பறக்காது என்றால் ஒரு பயிற்சியாளர் என்ன செய்வார்? கிடைத்த ரன்னரை ஒவ்வொரு பேஸாகத் தள்ளிக்கொண்டுதான் போவார்.

ஐந்தாம் வகுப்பு மாணவன், பாபநாசம்: ரெண்டு ஸ்ட்ரைக் ஆனதுக்கு அப்புறம் பண்ட் பண்ணி, பந்து கோட்டுக்கு வெளியே போனா என்ன ஆகும் மாமா?

அவுட் தம்பி, அது மூன்றாவது ஸ்ட்ரைக்காக, அதாவது அடிக்கத் தவறிய மூன்றாவது வாய்ப்பாக எண்ணப்படும். சாதாரணமாக அடித்து வெளியே போனால் பிழைத்துக்கொள்ளலாம், பண்டில் அந்தச் சலுகை கிடையாது.

கணக்கு ஆசிரியர், மன்னார்குடி: இன்றைய புள்ளிவிவரக்காரர்கள் பண்ட் வீண் என்று நிரூபித்துவிட்டதாகப் படித்தேன். அப்படியானால் யுத்தக் காலப் பயிற்சியாளர்கள் தெரியாமல் செய்தார்களா?

கணக்கையே முதலில் வைத்துவிடலாம் சார். இன்றைய மேஜர் லீக்கில் முதல் பேஸில் ஆள், அவுட் யாரும் இல்லை என்ற நிலையில் அந்த இன்னிங்ஸில் அதன்பிறகு சராசரியாக 0.85-லிருந்து 0.9 ரன் வரை வருகிறது. பண்ட் வெற்றி பெற்று இரண்டாம் பேஸில் ஆள், ஒரு அவுட் என்று ஆனால் அது ஏறக்குறைய 0.65, 0.7-க்கு இறங்கிவிடுகிறது. பேஸ் கிடைத்தது, ரன் குறைந்தது. புள்ளிவிவரக்காரர்கள் சொல்வது இதைத்தான், தப்பே இல்லை.

ஆனால் சராசரி பதில் சொல்வது மொத்தம் எத்தனை ரன் என்ற கேள்விக்கு மட்டும்தான். கடைசி இன்னிங்ஸ், ஆட்டம் சமநிலை, ஒரு ரன் வந்தால் போதும் என்கிறபோது கேள்வியே வேறு: ஒரு ரன்னாவது வருமா? முதல் பேஸில் ஆளை வைத்துக்கொண்டு பண்ட் செய்தால் அந்த வாய்ப்பு சுமார் 42 சதவீதத்திலிருந்து 40-க்குப் போகிறது, அதாவது பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாம் பேஸில் ஆள் இருந்து அவரை மூன்றாம் பேஸுக்குத் தள்ளினால் 61, 62-லிருந்து 65-க்கு மேல் ஏறுகிறது. முதல், இரண்டாம் பேஸ் இரண்டிலும் ஆள் இருந்தால் லாபம் இன்னும் கொஞ்சம் கூடுதல். இதெல்லாம் இன்றைய அடிதடி ஆட்டத்தின் எண்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 1945-இல் மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பிடித்தவரின் பேட்டிங் சராசரி .309 (ஆயிரம் முறை ஆடினால் 309 ஹிட் என்ற கணக்கு), அதிக ஹோம் ரன் அடித்தவர் அடித்தது 24. வாஷிங்டன் டீம் அந்த வருஷம் முழுக்கத் தன் சொந்த மைதானத்தில் அடித்த ஹோம் ரன் ஒன்றே ஒன்று, அதுவும் பந்து வேலி தாண்டவில்லை, ஜோ கூல் மைதானத்துக்குள்ளேயே ஓடி எடுத்தது. ரன் அவ்வளவு அரிதாக இருந்த காலத்தில் அவுட்டின் விலையும் இறங்கும், நீங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுதானே.

இதற்கும் மேலே, எண்களில் வராத ஒன்று இருக்கிறது, நான் பண்டை விரும்புவதே அதற்காகத்தான். 1944 உலகத் தொடரின் (இரண்டு லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் இறுதித் தொடர்) இரண்டாம் ஆட்டத்தைப் பாருங்கள், அக்டோபர் 5, செயின்ட் லூயிஸ் நகரம், ஸ்போர்ட்ஸ்மன்ஸ் பார்க். கார்டினல்ஸும் பிரவுன்ஸும் ஒரே ஊர், ஒரே மைதானம். மூன்றாம் இன்னிங்ஸில் கார்டினல்ஸின் எமில் வெர்பன் முதல் பேஸில் நிற்க, பிட்சர் மேக்ஸ் லனியர் பண்ட் செய்தார் (அப்போது பிட்சரும் மட்டை பிடித்தே ஆகவேண்டும்). பிரவுன்ஸ் பிட்சர் நெல்சன் பாட்டர் பந்தைத் தடுமாறவிட்டார், பிறகு அவசரத்தில் முதல் பேஸுக்குத் தாறுமாறாக எறிந்தார். ஒரே பண்டில் இரண்டு பிழை. வெர்பன் மூன்றாம் பேஸ் போய், அடுத்து வந்த ஒரு சாதாரணத் தரைப்பந்தில் ரன் எடுத்துவிட்டார்.

அப்புறம் 11-ஆவது இன்னிங்ஸ், ஆட்டம் 2–2. பிரவுன்ஸின் ஜார்ஜ் மெக்வின் டபுள் அடித்து இரண்டாம் பேஸில், அவுட் இல்லை. மார்க் கிறிஸ்ட்மன் பண்ட் செய்தார். நான் மேலே சொன்ன கணக்குப்படி இதுதான் செய்ய வேண்டிய பண்ட். ஆனால் பிளிக்ஸ் டானலி என்ற பிட்சர் பாய்ந்து வந்து பந்தை அள்ளி, திரும்பி மூன்றாம் பேஸுக்கு எறிந்தார், அங்கே வைட்டி குரோவ்ஸ்கி பிடித்து மெக்வினை அவுட்டாக்கினார். அதே இன்னிங்ஸின் மறுபாதியில் கார்டினல்ஸின் ரே சாண்டர்ஸ் முதல் பேஸுக்கு வந்ததும் அதே குரோவ்ஸ்கி பண்ட் செய்து அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார், கணக்குப்படி பெரிதாக லாபமில்லாத பண்ட். மார்ட்டி மேரியனை வேண்டுமென்றே நடக்கவிட்டார்கள் (அடிக்க முடியாதபடி பந்தைத் தள்ளி வீசி முதல் பேஸைச் சும்மா கொடுப்பது), மாற்று ஆளாக வந்த கென் ஓடே ஒரு சிங்கிள் அடித்தார், சாண்டர்ஸ் ஓடிவந்தார், ஆட்டம் முடிந்தது, 3–2. அந்தத் தொடர் முழுக்க பிரவுன்ஸ் செய்த பிழைகள் 10, கார்டினல்ஸ் செய்தது 1. கோப்பை யாருக்கு என்று சொல்ல வேண்டுமா?

அட்டவணையில் பண்ட் என்றால் ஒரு அவுட், ஒரு பேஸ். மைதானத்தில் அது எதிராளி நாலு பேரை ஒரே சமயத்தில் ஓடவைத்து, குனியவைத்து, எங்கே எறிவது என்று அரை வினாடியில் முடிவெடுக்கவைக்கிறது. டானலி போன்ற ஆள் இருந்தால் எவ்வளவு நல்ல பண்டும் செத்தது. கைக்குக் கிடைத்தவர்களை வைத்து ஒப்பேற்றிய யுத்தக் கால டீம்களில் அப்படிப்பட்டவர்கள் குறைவு. அந்தப் பயிற்சியாளர்கள் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்காக அவர்கள் செய்த ஒவ்வொரு பண்டும் சரி என்று நான் வாதாட மாட்டேன், முதல் இன்னிங்ஸிலேயே அவுட்டைத் தாரைவார்ப்பதை எந்தக் காலத்திலும் நியாயப்படுத்த முடியாது.

இன்னொரு ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஓங்கி அடிப்பதா பண்டா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறவர்களுக்காக. 1945 செப்டம்பர் 30, சீசனின் கடைசி நாள். டெட்ராய்ட் ஜெயித்தால் அமெரிக்கன் லீக் கோப்பை, ஆனால் ஒன்பதாம் இன்னிங்ஸில் பிரவுன்ஸிடம் 2–3 என்று பின்தங்கியிருக்கிறது. ஹப் வாக்கர் சிங்கிள் அடித்தார். ஸ்கீட்டர் வெப் பண்ட் செய்தார், முதல் பேஸ்காரர் மெக்வின் இரண்டாம் பேஸுக்கு எறிந்தது தாமதமாகப் போய்ச் சேர, இருவரும் பிழைத்தார்கள். எடி மேயோ இன்னொரு பண்ட், இரண்டு பேரும் ஒவ்வொரு பேஸ் முன்னேறினார்கள். அதனால் டாக் கிரேமரை வேண்டுமென்றே நடக்கவிட வேண்டியதாயிற்று, மூன்று பேஸும் நிறைந்தது. அடுத்து வந்தவர் நாலு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு அந்த ஜூலையில்தான் திரும்பியிருந்த ஹேங்க் கிரீன்பெர்க். ஹோம் ரன், நாலு ரன், டெட்ராய்டுக்குக் கோப்பை. வாஷிங்டன் ஒன்றரை ஆட்ட வித்தியாசத்தில் இரண்டாமிடம். எல்லாரும் கிரீன்பெர்க்கின் அடியைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள், எனக்கு வெப்பும் மேயோவும் மறப்பதில்லை. அந்தப் பந்தை வீசியது யார் தெரியுமா? முந்தின வருஷம் லனியரின் பண்டைத் தடுமாறவிட்ட அதே நெல்சன் பாட்டர்.

வாசகர், திருவாரூர்: சின்ன வயதில் விபத்தில் வலது கை போய்விட்டது. ஊர் கிரிக்கெட்டில் அம்பயராக நிற்கிறேன். ஒரே கையுடன் பேஸ்பால் ஆடியவர் உண்டு என்கிறார்களே?

உண்டு. பீட் கிரே, 1945-இல் பிரவுன்ஸ் டீமில் 77 ஆட்டம் ஆடினார். அவருக்கும் உங்களைப் போலவே சிறு வயதில் விபத்தில் போனது வலது கைதான். ஒரே கையால் மட்டையைச் சுழற்றி .218 சராசரி. அதற்கு முந்தின வருஷம் மெம்ஃபிஸ் டீமுக்காகச் சிறிய லீக்கில் .333 சராசரியும் 68 பேஸ் திருட்டும் (பந்து அடிபடுவதற்குக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது) எடுத்து, அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் என்று தேர்வானவர். பண்டுக்கு அவர் தனி வழி வைத்திருந்தார்: மட்டையின் அடிக்குமிழை விலாவில் ஊன்றிக்கொண்டு, கையைப் பிடியிலிருந்து மேலே நகர்த்தி மட்டையை நிலைநிறுத்துவார், ஓட்டமும் வேகம். ஒரு கை இல்லை என்று மூன்றாம் பேஸ்காரர் யாரும் அவரிடம் அசட்டையாக நிற்க முடியாது.

அதே 1945 ஆகஸ்ட் 4 அன்று வாஷிங்டனுக்காகப் பந்து வீசிய பெர்ட் ஷெப்பர்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போர் விமானி, ஜெர்மனியில் சுட்டுவீழ்த்தப்பட்டு வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். செயற்கைக் காலுடன் ஐந்து இன்னிங்ஸுக்கு மேல் வீசி ஒரே ஒரு ரன்தான் கொடுத்தார். பந்து வீசும் மேட்டிலிருந்து இறங்கி ஓடி, குனிந்து எடுத்து எறிய வேண்டிய பண்ட், ஒரு பிட்சரின் காலுக்கு எவ்வளவு பெரிய சோதனை என்று யோசித்தால் அவர் மேட்டில் ஏறியதன் பெருமை புரியும்.

இல்லத்தரசி, மயிலாடுதுறை: ஆண்கள் பட்டாளத்துக்குப் போனபோது பெண்கள் ஆடினார்களாமே? அவர்களும் பண்ட் செய்தார்களா?

நன்றாகவே செய்தார்கள் அம்மா. சூயிங்கம் கம்பெனி முதலாளியும் சிகாகோ கப்ஸ் டீமின் உரிமையாளருமான ஃபிலிப் ரிக்லி 1943-இல் பெண்களுக்கான தொழில்முறை லீக் ஒன்றைத் தொடங்கினார், அது 1954 வரை நடந்தது. ஆரம்பத்தில் பேஸ்களுக்கு நடுவே 65 அடிதான் (ஆண்களுக்கு 90), பந்து 12 அங்குலச் சுற்றளவு, வீச்சும் கீழ்க்கையால். பந்து பெரிது, தூரம் குறைவு என்றால் ஓட்டத்துக்கும் பண்டுக்கும்தான் ராஜ்ஜியம். ரசீன் டீமின் சோஃபி கூரிஸ் 1946-இல் ஒரே சீசனில் 201 பேஸ் திருடினார். அவர்களுக்குக் கொடுத்த உடை பாவாடை, அதோடு மண்ணில் சறுக்கி விழுந்து தொடையெல்லாம் சிராய்ப்பு. அந்த உடை முடிவை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

உடற்கல்வி ஆசிரியை, திருவையாறு: எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பண்டை எந்தப் பக்கம் உருட்டுவது?

ரன்னர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது டீச்சர். பேஸ்பாலில் முதல் பேஸில் மட்டும் ஆள் என்றால் முதல் பேஸ் பக்கம், ஏனென்றால் அங்கே உள்ளவர் ரன்னரைக் காவல் காக்க பேஸிலேயே ஒட்டி நிற்பார், ஓடிவர நேரமாகும். முதல், இரண்டாம் பேஸ் இரண்டிலும் ஆள் என்றால் மூன்றாம் பேஸ் பக்கம், அங்கே உள்ளவர் பந்தை எடுக்க ஓடிவந்தால் அவர் பேஸ் காலியாகிவிடும். பிட்சர் கைக்கு நேராக மட்டும் போகக் கூடாது. சாஃப்ட்பாலில் முதல் பேஸ்காரியும் முன்னால் வந்து நிற்பாள் என்பதால் முதலில் சொன்னது அங்கே அப்படியே பொருந்தாது, யார் பின்னால் நிற்கிறார்களோ அவர்கள் பக்கம் உருட்டச் சொல்லுங்கள்.

பிடிக்கும் முறை: மேல் கையை மட்டையின் நடுப்பகுதிக்கு நகர்த்தி, விரல்களை மட்டைக்குப் பின்னால் வைத்துக் கிள்ளிப் பிடிக்க வேண்டும், சுற்றிப் பிடித்தால் பந்து விரலை நசுக்கிவிடும். மட்டையின் தலை பிடியைவிடச் சற்று உயரத்தில் இருக்கட்டும். பந்து தாழ்ந்து வந்தால் மட்டையை மட்டும் இறக்கக் கூடாது, முழங்காலை மடித்து உடம்போடு இறங்க வேண்டும். பட்ட நொடியில் மட்டையைக் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொண்டால் வேகம் செத்துப் பந்து சாதுவாக விழும். முதல் வாரம் பழைய டென்னிஸ் பந்தில் பழக்குங்கள், பந்தைக் கண்டு பயம் போனபிறகு சாஃப்ட்பால். ஹெல்மெட் இல்லாமல் யாரையும் நிறுத்த வேண்டாம், பண்ட் செய்யும்போது முகம் பந்துக்கு நேரே இருக்கும்.